கொழுப்பு குறைந்துவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் வயது 54. பல வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 172, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பு) 340 என்று வந்ததால் ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி. எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் எல்.டி.எல். 94, ட்ரைகிளிசரைடு 270 ஆகியிருக்கிறது. இனி மாத்திரையை நிறுத்தலாமா? ட்ரைகிளிசரைடுக்கு ஏன் தனி மாத்திரை தரவில்லை?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். 94 என்பது மாத்திரை போடுவதால் வந்த எண். விட்டால் சில வாரங்களிலேயே பழைய அளவுக்கு ஏறிவிடும்.

கொலஸ்ட்ராலை உடலே தயாரிக்கிறது. அதில் கல்லீரலுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தத் தயாரிப்புக்குத் தேவையான ஒரு நொதியை, நீங்கள் போடும் ரோசுவாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் வகை மாத்திரை தடுக்கிறது. முக்கியமான வேலை அதற்கு அப்புறம்தான் நடக்கிறது. உள்ளே கொலஸ்ட்ரால் குறைந்ததும் கல்லீரல் செல்கள் தங்கள் மேற்பரப்பில் எல்.டி.எல். ஏற்பிகளை அதிகமாக்குகின்றன. அந்த ஏற்பிகள் ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அதாவது, ரத்தத்தைச் சுத்தம் செய்வது உங்கள் கல்லீரல்; மாத்திரை அதைத் தூண்டிவிடுகிறது. 1970-களில் ஜப்பானின் அகிரா எண்டோ ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். மாரடைப்பைத் தடுப்பதில் இந்த அளவுக்கு நிரூபணமான மருந்துகள் குறைவு.

சர்க்கரை நோயும் இருப்பதால் உங்கள் எல்.டி.எல். 70-க்குக் கீழே வருவது நல்லது. ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாக 6 சதவீதம்தான் குறையும். அதனால் உங்கள் மருத்துவர் எசெடிமைப் என்ற மாத்திரையைச் சேர்க்கலாம். அது வேலை செய்யும் இடம் சிறுகுடல். கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுத்து, இன்னும் 20 சதவீதம் வரை குறைக்கும்.

ட்ரைகிளிசரைடு கதை வேறு. சோறு, இனிப்பு, மது என மிஞ்சும் மாவுச்சத்தையும் ஆல்கஹாலையும் கல்லீரல் இந்தக் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. கட்டுப்படாத சர்க்கரையும் இதை ஏற்றும். ஃபெனோஃபைப்ரேட் என்ற மாத்திரை, இந்தக் கொழுப்பை உடைக்கும் நொதியை முடுக்கிவிடும். ஆனால் ஸ்டாட்டினோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் மாரடைப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. 500-ஐத் தாண்டினால் கணைய அழற்சி வரும் ஆபத்து கூடுகிறது. அப்போது அந்த மாத்திரை அவசியமாகிறது. 270-க்கு உங்கள் மருத்துவர் காத்திருப்பது சரியான முடிவு. இரவுச் சோற்றைப் பாதியாக்குங்கள், டீயில் சர்க்கரையை விடுங்கள், குடிப்பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, அதையும் பார்த்துவிடுங்கள்.

ஸ்டாட்டின் போடும் சிலருக்குத் தொடையிலும் தோளிலும் வலி வரும். மாத்திரையை நீங்களாக விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம். கடுமையான வலியோடு சிறுநீர் கட்டன்காபி நிறத்தில் போனால் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.