டயாலிசிஸ் மையத்துக்கு மெஷின் ஓட்டத் தெரிந்த ஒரு டெக்னீஷியன் போதாதா?

போதாது. ரத்தம் நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லி வெளியே போய்த் திரும்புகிறது. ஊசி நழுவினால் சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து. மெஷின் கட்டாயம் அலாரம் அடிக்கும் என்று நம்பவும் முடியாது. ஊசி குத்திய கை போர்வைக்குள் மறையாமல் பார்த்துக்கொள்வதும் பயிற்சியில் அடக்கம்.

சிறுநீரக மருத்துவரின் மேற்பார்வை, டயாலிசிஸில் பழகிய நர்ஸ், உணவு ஆலோசகர் எல்லாம் தெரிந்ததுதான். பலரும் மறப்பது தண்ணீரை. நாலு மணி நேரச் சிகிச்சைக்கு மெஷின் வழியே சுமார் 120 லிட்டர் ஓடும். அதில் குளோரமின் (குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரின் கலவை) தங்கினால் சிவப்பணுக்கள் உடையும். நோயாளியை மெஷினில் போடும் முன்பே அதைச் சோதிக்கத் தெரிந்தவர் ஒவ்வொரு ஷிஃப்டிலும் வேண்டும்.

அப்புறம், ஹெபடைடிஸ் பி (ரத்தம் வழியே பரவும் கல்லீரல் தொற்று) நோயாளிக்குத் தனி மெஷின். அவரைக் கவனிக்கும் நர்ஸ் அதே ஷிஃப்டில் அந்தத் தொற்றுக்கு எதிர்ப்புசக்தி இல்லாத இன்னொரு நோயாளியைக் கவனிக்கக் கூடாது. ஆள் கணக்குப் போடும்போது இடிப்பது இங்கேதான்.