செமாகுளுட்டைடு மாத்திரையைக் காபியுடன் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. சர்க்கரை நோய்க்குச் செமாகுளுட்டைடு 7 மி.கி. மாத்திரை சாப்பிடுகிறேன். வெறும் வயிற்றில் சிறிதளவு தண்ணீரில் விழுங்கிவிட்டு அரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். காலைக் காபியுடனேயே சாப்பிட்டால் என்ன? என் அம்மாவுக்கு இன்சுலினும் இப்படி மாத்திரையாகக் கிடைக்காதா?

பதில்: காபியுடன் சாப்பிடாதீர்கள். மருந்து இரைப்பையில் உறிஞ்சப்படுவதற்கு அந்த அரை மணி நேரம் முக்கியம்.

செமாகுளுட்டைடு ஒரு பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. நம் செல்களின் சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது. அதன் நடுப்பகுதி தண்ணீரை ஏற்காது. பெப்டைடோ தன் ஒவ்வொரு பிணைப்பிலும் நீர் மூலக்கூறுகளைப் பற்றிக்கொண்டிருப்பதால், அந்த நீரை உதறாமல் கொழுப்புக்குள் நுழைய இயலாது. சவ்வை எளிதாகக் கடக்கும் மருந்துகளின் மூலக்கூறு எடை பெரும்பாலும் 500 டால்டனுக்குள் (டால்டன் என்பது அந்த எடையின் அலகு) இருக்க, செமாகுளுட்டைடின் எடை ஏறத்தாழ 4,100. போதாததற்கு, இரைப்பையின் அமிலமும், புரதத்தைச் செரிக்கும் பெப்சின் என்ற நொதியும் அதைச் சிதைத்துவிடும்.

ஆகவே மாத்திரையில் சால்காப்ரோசேட் சோடியம் என்ற துணைப்பொருளை 300 மி.கி. சேர்த்திருக்கிறார்கள். மாத்திரை இரைப்பைச் சுவரை ஒட்டிக் கரையும்போது, இது அந்தச் சிறு இடத்தில் மட்டும் அமிலத்தைத் தணித்துப் பெப்சினை அடக்குகிறது. ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் பெப்டைடுகளைத் தனித்தனியாகப் பிரிக்கிறது. சவ்வின் கொழுப்பு அடுக்கில் தானும் புகுந்து அதைச் சற்று நேரம் தளர்த்துகிறது. அந்த இடைவேளையில் மருந்து செல்லின் ஊடாகவே கடந்து இரத்தத்தை அடைகிறது. துணைப்பொருள் விலகியதும் சவ்வு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். காபியோ உணவோ நிறையத் தண்ணீரோ சேர்ந்தால் அந்தச் சிறு இடத்தில் துணைப்பொருளின் செறிவு குலைந்துவிடும். எனவே அரை டம்ளர், அதாவது 120 மி.லி.க்கு மேற்படாத வெறும் தண்ணீரில், உடைக்காமல், மெல்லாமல் முழுதாக விழுங்குங்கள்.

இவ்வளவு செய்தும் இரத்தத்தை எட்டுவது சுமார் ஒரு சதவீதமே. வாரம் ஒருமுறை போடும் ஊசியில் 0.5 அல்லது 1 மி.கி. போதுமாயிருக்க, மாத்திரையில் நாள்தோறும் 7 மி.கி. தேவைப்படுவது இதனால்தான். இரத்தத்துக்குள் வந்த பிறகு, பலர் எண்ணுவதுபோல, அது கணையச் செல்லுக்குள் புகத் தேவையில்லை. செல்லின் வெளிப்புறத்தில் மருந்தை ஏற்கும் புரதமான ஏற்பியில் பொருந்தினாலே போதும். இன்சுலினும் அப்படித்தான்.

உங்கள் அம்மாவைப் பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் இன்சுலினை இப்படி மாத்திரையாக்குவது எளிதல்ல. செமாகுளுட்டைடின் பாதி அளவு குறையவே ஒரு வாரம் ஆவதால், ஒருநாள் குறைவாக உறிஞ்சப்பட்டாலும் மறுநாள் சரியாகிவிடும். இன்சுலினோ இரத்தத்தில் சில நிமிடங்களே நிலைக்கும். அதில் அளவு சற்றுக் கூடிவிட்டாலும் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். வயதானவர்களுக்கு அது மயக்கத்திலும் கீழே விழுந்து எலும்பு முறிவதிலும் முடியலாம். எனவே அவருடைய ஊசியை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்.

நீங்கள் தைராய்டு மாத்திரையும் சாப்பிடுபவரானால் மருத்துவரிடம் சொல்லுங்கள். செமாகுளுட்டைடு மாத்திரையுடன் சேரும்போது தைராக்சின் கூடுதலாக உறிஞ்சப்படுவதால், தைராய்டு இரத்தப் பரிசோதனையை மீண்டும் செய்து பார்க்க வேண்டியிருக்கும்.