கூடம் கோணலாகவே இருக்கட்டும்

கேள்வி: "சாக்குச் சொல்கிறவன் கடைசிவரை சாக்குதான் சொல்லிக்கொண்டிருப்பான்" என்று சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதியிருந்தீர்கள். படித்ததும் எரிச்சலாக வந்தது. பத்தொன்பது வயதில், கல்லூரி இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, என் அப்பா இறந்துவிட்டார். படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனேன். தம்பியையும் தங்கையையும் படிக்கவைத்தேன். இருவரும் இன்று பட்டதாரிகள். எனக்கு வயது 38. என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள் எனக்கு மேலதிகாரிகளாகிவிட்டார்கள், ஏனென்றால் என்னிடம் பட்டம் இல்லை. உறவினர் ஒருவர்கூட அன்று உதவவில்லை. இதெல்லாம் சாக்கா? "நேர்மறையாக யோசி" என்று சொல்கிறவர்கள் என் இடத்தில் ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும்.

(ஐந்து பக்கக் கடிதத்தின் சுருக்கம். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். அந்த வாக்கியத்தை நான் அவ்வளவு மொட்டையாக எழுதியிருக்கக் கூடாது. அது யாருக்கு உறைக்க வேண்டுமோ அவர் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பார். உழைத்துக் களைத்த உங்கள் நெஞ்சில் வந்து தைத்திருக்கிறது. மன்னித்துவிடுங்கள்.

பத்தொன்பது வயதுப் பையன் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுக் குடும்பத்தைத் தூக்கிக்கொண்டதை எவனாவது சாக்கு என்று சொன்னால் அவனோடு நானே சண்டைக்கு வருகிறேன். அது கடமை. யாரும் கேட்காமலே செய்த கடமை. பொறுப்பேற்பதைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்க எனக்குத் தகுதி கிடையாது. தம்பி தங்கைக்காக எடுத்துக்கொண்ட பொறுப்பில் பாதியையாவது உங்களுக்காக எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்கும் உரிமை மட்டும், எனக்குக் கடிதம் எழுதியதன் மூலம், நீங்களே கொடுத்திருக்கிறீர்கள். அதனால் கேட்கிறேன்.

ஐந்து பக்கங்களில் நான்கரைப் பக்கம் அப்பாவின் இறப்பும், கைவிட்ட உறவினர்களும், கைநழுவிய பதவி உயர்வுகளும். கடைசிப் பக்கத்தின் அடியில், கையெழுத்துக்குச் சற்று மேலே, நெருக்கி எழுதிய ஒரு வரி இருக்கிறது. அஞ்சல்வழியில் படிப்பைத் தொடர நான்கு வருடத்துக்கு முன் விண்ணப்பப் படிவம் வாங்கினீர்கள், நிரப்பினீர்கள், அலமாரியில் வைத்தீர்கள். அதோடு முடிந்துவிட்டது. ஏன் அனுப்பவில்லை என்று ஒரு சொல் இல்லை. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரியைத்தான்.

தம்பி வேலைக்குப் போய் ஆறு வருடம், தங்கை படித்து முடித்து ஐந்து வருடம் என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பத்தொன்பது வயதில் உங்கள் கையைக் கட்டிய கயிறு நீங்கள் படிவம் வாங்கும் முன்பே அவிழ்ந்துவிட்டது. படிவத்தை நான்கு வருடமாக அலமாரியில் பிடித்துவைத்திருப்பது வேறு ஏதோ.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு பழமொழி சொல்வோம். எனக்கு அந்தப் பழமொழி மேல் நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. கூடம் உண்மையாகவே கோணலாக இருந்தால் என்ன செய்வது? எத்தனையோ பேருக்கு அப்படித்தான் வாய்க்கிறது. அகால மரணம், தீராத நோய், ஓரவஞ்சனையான விதிகள். அவர்களைப் பார்த்து இந்தப் பழமொழியை வீசுவது கொடுமை. ஆனால் கூடம் கோணல்தான் என்று ஊரே ஒப்புக்கொண்டாலும் அதனால் ஆட்டம் வந்துவிடுவதில்லை. பொய்க் காரணம்தான் சாக்காகும் என்று நினைக்கிறோம். என் அனுபவத்தில், உடைக்கவே முடியாத சாக்குகள் உண்மைக் காரணங்களால் ஆனவை. பொய்யை என்றாவது ஒருநாள் யாராவது அம்பலப்படுத்திவிடுவார்கள். "என் அப்பா இறந்துவிட்டார்" என்று நீங்கள் சொன்னால் எதிரில் இருப்பவர் என்ன பேச முடியும்?

எனக்கும் அப்படி ஓர் உண்மைக் காரணம் இருந்தது. முதல் வேலையிலிருந்து, நான் செய்யாத பிழைக்காக, என்னை வெளியே அனுப்பினார்கள். அது அநியாயம் என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. ஐந்து வருடம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் புதிதாக அறிமுகமான ஒருவரிடம் சொல்லும்போதுதான் கவனித்தேன், எந்த இடத்தில் நிறுத்தினால் கேட்பவர் "ஐயோ" என்பார் என்பதுவரை எனக்கு மனப்பாடமாகியிருந்தது. கதை வருடத்துக்கு வருடம் மெருகேறியிருந்தது. அந்த ஐந்து வருடத்தில் நான் எழுதியது ஒன்றுமில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் உங்கள் நான்கரைப் பக்கத்தைப் படிக்கும்போது எனக்கு உங்கள் மேல் கோபம் வரவில்லை, பயம் வந்தது. அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறீர்கள்.

1978இல் ஸ்டீவன் பெர்க்லாஸ், எட்வர்ட் ஜோன்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு விடையே இல்லாத கேள்விகளைக் கொடுத்தார்கள். குத்துமதிப்பாக எதையோ குறித்துக் கொடுத்தவர்களிடம் "பிரமாதமாகச் செய்துவிட்டீர்கள்" என்றார்கள். எப்படிச் சரியாகச் செய்தோம் என்று அவர்களுக்கே தெரியாது. அடுத்த தேர்வுக்கு முன்னால் இரண்டு மருந்துகளைக் காட்டி, ஒன்று மூளையைக் கூர்மையாக்கும், மற்றது மந்தமாக்கும், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த ஆண் மாணவர்களில் பலர் தேர்ந்தெடுத்தது மந்தமாக்கும் மருந்தை. தோற்றால் பழி மருந்தின் மேல் போகும். ஜெயித்தால் மருந்தையும் மீறி ஜெயித்த பெருமை கிடைக்கும். தன் திறமை அளக்கப்படாமல் தப்பித்துவிடும்.

இப்போது உங்கள் அலமாரிக்கு வருவோம். படிவத்தை அனுப்பாதவரை நீங்கள் எந்தத் தேர்விலும் தோற்க முடியாது. "அப்பா மட்டும் இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்" என்ற வாக்கியத்தை யாரும் தொட முடியாது. அனுப்பினால், முதல் தாளிலேயே தவறினால், 38 வயதில் இளையவர்களுக்கு நடுவே உட்கார்ந்து தவறினால், அந்த வாக்கியம் ஆட்டம் கண்டுவிடும். நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம், உங்கள் மனதுக்குள் நான் போய்ப் பார்க்கவில்லை. சரியாக இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அப்பாவின் மரணத்தை இந்தக் காவல் வேலைக்கு நிறுத்தாதீர்கள். அவருக்கு அது தகாது.

நான்கு வருடம் அசையாமல் இருந்ததற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ளவும் வேண்டாம். 1967இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்ற ஆய்வாளர்கள் நாய்களை வைத்துச் செய்த சோதனைகள் பலருக்குத் தெரிந்திருக்கும். என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்களை, ஒரு சிறு தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பெரும்பாலான நாய்கள் தாண்டிப் பார்க்கவே இல்லை, படுத்துக்கொண்டன. 'முயன்று பயனில்லை' என்று அவை கற்றுக்கொண்டுவிட்டன என்பது அன்றைய விளக்கம். ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, 2016இல், அதே இருவரும் மூளையைப் பற்றிய புதிய ஆய்வுகளின் அடிப்படையில் தங்கள் விளக்கம் தலைகீழாக இருந்தது என்று எழுதினார்கள். நீண்ட துன்பத்துக்கு எதிரே செயலற்றுப்போவது கற்றுக்கொண்டதல்ல, அது உயிரின் இயல்பான எதிர்வினை. கற்றுக்கொள்ள வேண்டியிருப்பது மற்றொன்று: என் செயலால் ஏதாவது மாறும் என்பது.

பழைய சோதனைகளிலேயே இதற்கு ஒரு தடயம் இருந்தது. படுத்துக் கிடந்த நாய்களை எப்படி மீட்டார்கள் தெரியுமா? தட்டிக்கொடுத்தோ உணவு காட்டியோ அல்ல. கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்து, தடுப்பைத் தாண்டவைத்தார்கள். திரும்பத் திரும்பத் தாண்டவைத்த பிறகுதான் அவை தாமாகத் தாண்டின. கால் முதலில் போனது, நம்பிக்கை பின்னால் வந்தது. மனிதருக்கு இழுத்துவிட ஆளில்லை. நாமே நம் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பொறுப்பு என்று நான் சொல்வது இவ்வளவுதான். நடந்ததற்கு நீங்கள் பொறுப்பு என்று நான் சொல்லவில்லை.

"நேர்மறையாக யோசி" என்பவர்கள் மேல் உங்களுக்குள்ள எரிச்சலில் எனக்கும் பங்கு உண்டு. கண்ணை மூடிக்கொண்டு வெற்றியைக் கற்பனை செய்யச் சொல்வது பலன் தருவதைவிடக் கெடுப்பதே அதிகம். கேப்ரியல் எட்டிங்கன் என்ற உளவியலாளர் 1991இல் தாமஸ் வாடனோடு சேர்ந்து, எடை குறைக்கும் பயிற்சியில் இருந்த 25 பெண்களை ஒரு வருடம் கவனித்தார். தன்னால் முடியும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு எடை அதிகம் குறைந்தது. மெலிந்து அழகாக நடந்துபோவதாக இனிமையாகக் கனவு கண்டவர்களுக்குக் குறைவாகவே குறைந்தது. கனவிலேயே போய்ச் சேர்ந்துவிட்டால் கால் எதற்கு நடக்கப்போகிறது? ஆகவே உங்களைக் கனவு காணச் சொல்லப்போவதில்லை. நல்ல மனநிலை என்று நான் நினைப்பது சிரித்த முகம் அல்ல. 'மிச்சம் என்ன இருக்கிறது' என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம்.

ஹங்கேரி ராணுவத்தில் சார்ஜென்ட்டாக இருந்த காரோய் டகாச் என்ற துப்பாக்கி வீரரின் கதையை மேடைகளில் பதக்கத்தோடு முடித்துவிடுவார்கள். எனக்கு அவர் பட்டியல்தான் முக்கியமாகப் படுகிறது. 1936 ஒலிம்பிக்கில் அவரைச் சேர்க்கவில்லை, அதிகாரிகள் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்ற விதி. 1938இல் பயிற்சியின்போது பழுதான கையெறிகுண்டு வெடித்து, சுடும் வலது கையே போயிற்று. 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகளை உலகப் போர் விழுங்கிவிட்டது. மூன்றும் உண்மை, மூன்றிலும் அவர்மேல் பிழையில்லை. மூன்றையும் சொல்லிக்கொண்டு வாழ்நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரிடம் மிச்சம் இருந்தது இடது கை. அதற்குப் பேனா பிடிப்பதிலிருந்து எல்லாம் புதிது. 1939இல் அந்தக் கையால் தேசியப் போட்டியில் ஜெயித்தார், பிறகு ஒன்பது வருடம் காத்திருந்து 1948இல் லண்டனில் தங்கம் வாங்கினார். 1952இல் மறுபடியும் தங்கம். லண்டனில் அவருக்கு வயது 38. அந்த எண்ணுக்காகத்தான் இந்தக் கதையை உங்களுக்குச் சொல்கிறேன்.

விதி கைகொடுக்காதது யாருக்கும் பழி அல்ல, அறிய வேண்டியதை அறிந்தும் முயலாமல் இருப்பதே பழி என்று வள்ளுவர் 618ஆம் குறளில் இரண்டையும் வெட்டிப் பிரித்துவைத்தார். முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் சொன்னதுதான் போன இதழில் நான் செய்த தப்பு.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு நடுவில் ஒரு வார்த்தை. வாரக்கணக்காக எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை, எழுந்திருக்கவே முடியவில்லை என்பவர்கள் இந்தப் பதிலை வைத்துத் தங்களை அடித்துக்கொள்ள வேண்டாம். அது நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பார்ப்பதுதான் அங்கே பொறுப்பு. அநியாயம் நடந்திருந்தால் நியாயம் கேட்பதையும் நிறுத்தாதீர்கள். கேட்டுக்கொண்டே படிக்கவும் முடியும்.

உங்களுக்குத் திரும்பி வருகிறேன். "சீக்கிரம் அனுப்புகிறேன்" என்று எனக்கு எழுதாதீர்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர், விடுமுறையில் ஒரு சிறு அறிக்கை எழுதி அனுப்பும்படி மாணவர்களைக் கேட்டுக்கொண்டார். சும்மா ஒப்புக்கொண்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் சொன்ன காலத்துக்குள் எழுதினார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவேன் என்று முன்கூட்டியே குறித்துக்கொடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் எழுதிவிட்டார்கள். அறிவிலோ ஆசையிலோ அவர்களுக்குள் வித்தியாசம் இல்லை. ஒரு நாளும் ஒரு நாற்காலியும்தான் வித்தியாசம்.

அதனால் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அஞ்சலட்டை போதும். வாரத்தில் எந்த நாட்கள், எத்தனை மணிக்கு, வீட்டில் எந்த மூலையில் உட்கார்ந்து படிப்பீர்கள் என்று மட்டும் இருக்கட்டும். அப்பாவைப் பற்றி அதில் ஒரு வரியும் வேண்டாம். அதை எழுதும் முன் அலமாரியைத் திறந்து அந்தப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். நான்கு வருடத்துப் படிவம் இன்று செல்லாது. புதிது வாங்க வேண்டியிருக்கும்.