தட்டிப் பார்த்தே தடிப்புச் சொல்வது எப்படி?

கேள்வி: கண்டத்தின் பாறை ஓடு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தடிப்பு என்கிறார்களே, தோண்டிப் பார்த்தவர் யார்?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: ஒருவருமில்லை. ரஷ்யாவின் கோலாவில் வருடக்கணக்காய்த் தோண்டியும் 12 கிலோமீட்டர் சொச்சம்தான். புறக்கோட்டையில் வத்தகப்பழத்தை வெட்டாமல் தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, அதே கதைதான். இங்கே தட்டுவது பூமியதிர்ச்சி, சில வேளை வெடி. 1909இல் குரோஷிய அதிர்ச்சி ஒன்றின் பதிவுகளைப் பார்த்த அந்நாட்டு ஆய்வாளர் மொஹரோவிச்சிச், தூரத்துப் பதிவு நிலையங்களுக்கு அதிர்ச்சி அலை எதிர்பார்த்ததைவிட முந்தி வந்திருப்பதைக் கவனித்தார். ஓட்டுக்குள் செக்கனுக்கு 6, 7 கிலோமீட்டர் ஓடும் அலை, அதற்குக் கீழே 8ஐத் தொட்டுவிடுகிறது. கொட்டாவைக்குச் சுற்றிப் போய் அதிவேகப் பாதையில் ஏறியவர், காலி வீதியில் நேரே போனவருக்கு முன்னமே காலியில் இறங்கி நிற்பார் இல்லையா, அப்படி (பாணந்துறை மட்டும்தான் பயணம் என்றால் நேர் வீதியே கெதி, அலைக்கும் அப்படித்தான்). எந்தத் தூரத்தில் இந்த முந்தல் தொடங்குகிறது என்பதிலிருந்து தடிப்பு கணக்கில் வந்துவிடும். நம் பல்லேகலையிலும் ஒரு பூமியதிர்ச்சிப் பதிவு நிலையம் இருக்கிறது. அப்புறம், எல்லா இடமும் 35 அல்ல, திபெத்தில் 70 வரை போகும்.