ஃபுளோ-ஜோ: காற்று வேறு, மருந்து வேறு

1988-ல் அமெரிக்காவின் ‘ஃபுளோ-ஜோ’, அதாவது ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர், 100 மீட்டரை 10.49 வினாடியிலும் 200 மீட்டரை 21.34 வினாடியிலும் ஓடினார். பெண்கள் பிரிவில் இன்றும் அவைதான் உலகச் சாதனைகள். அவர் பெயரை எடுத்தாலே ஊக்கமருந்துப் பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. அவரைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையவே வந்திருக்கின்றன. நான் தடகளப் போட்டிகளில் காற்றுமானி மேசையில் உட்காரும் நடுவர். காற்றைப் பற்றிக் கேட்டால் நீட்டிப் பேசுவேன். மருத்துவம் என் துறை இல்லை.

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: சார், மருந்து எடுத்தாரா, இல்லையா? நேரடியாகச் சொல்லுங்கள்.

எந்தச் சோதனையிலும் அவர் பிடிபடவில்லை. அந்த ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் அவரைக் குறிவைத்தே கூடுதலாகச் சோதித்தோம், ஒன்றும் கிடைக்கவில்லை என்று ஒலிம்பிக் மருத்துவக் குழுவின் தலைவராக இருந்த மெரோட் பிற்பாடு சொன்னார். இன்னொரு பக்கம், சக ஓட்டக்காரர் டாரெல் ராபின்சன் 1989-ல், அவருக்கு வளர்ச்சி ஹார்மோனை நானே விற்றேன் என்றார். ஃபுளோ-ஜோ தொலைக்காட்சியில் தோன்றி அதை அடியோடு மறுத்தார். அது நிரூபிக்கப்படவே இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், திரும்பவும் சொல்வேன்: 10.49-ல் இருக்கும் பெரிய சிக்கல் காற்று. 21.34-ல் எழும் கேள்விதான் மருந்து. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

திருச்சியிலிருந்து ஓர் உடற்கல்வி ஆசிரியர்: அந்தக் காற்று விவகாரத்தை விளக்கமாகச் சொல்ல முடியுமா?

தாராளமாக. 100 மீட்டருக்குக் காற்றுமானியை முடிவுக்கோட்டிலிருந்து 50 மீட்டரில், முதல் தடத்தை ஒட்டி, 1.22 மீட்டர் உயரத்தில் வைப்போம். துப்பாக்கி வெடித்ததிலிருந்து 10 வினாடி அளக்கும். பின்காற்று வினாடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் அந்த நேரம் சாதனைக் கணக்கில் சேராது. 2.01 வந்தாலும் 2.1 என்றுதான் எழுத வேண்டும்.

இப்போது 1988 ஜூலை 16, இண்டியானாபொலிஸ், அமெரிக்க ஒலிம்பிக் தேர்வுப் போட்டி. முதல் காலிறுதியில் ஃபுளோ-ஜோ 10.49. இரண்டாவது வந்த டயான் வில்லியம்ஸ் 10.86, மூன்றாவது கெய்ல் டெவர்ஸ் 10.97. மானி காட்டியது 0.0. இரண்டாவது காலிறுதிக்கும் 0.0. மூன்றாவதற்கு 5.0! அதே வேளையில் மைதானத்தில் மும்முறைத் தாண்டுதலும் நடந்துகொண்டிருந்தது. ஃபுளோ-ஜோ ஓடிய நேரத்தில் அங்கிருந்த மானி காட்டியது 4.3.

என்னைக் கேட்டால், மானியை விட அவருடைய மற்ற ஓட்டங்களே பெரிய சாட்சி. பெண்கள் 100 மீட்டரில் 2.0 பின்காற்று சுமார் 0.12 வினாடி கொடுக்கும். அதை வைத்துக் கழித்துப் பாருங்கள். மறுநாள் இறுதியில் 10.61, காற்று 1.2. காற்றில்லாமல் என்றால் 10.68 வாக்கில். சியோல் காலிறுதியில் 10.62, காற்று 1.0. அதுவும் 10.68. சியோல் இறுதியில் 10.54, காற்று 3.0. அது 10.70-ஐ ஒட்டி வரும். மூன்று முக்கியமான ஓட்டங்களும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. 10.49 மட்டும் தனியாக எங்கோ நிற்கிறது. அன்று 5.0 அடித்தது என்று வைத்துக்கொண்டால் அதுவும் 10.7 பக்கம் வந்து சேர்ந்துவிடுகிறது.

இது என் சொந்தக் கணக்கு மட்டும் இல்லை. நிக்கலஸ் லின்தோர்ன் என்ற ஆய்வாளர் 1995-ல் இதை ஆராய்ந்து, உண்மையான காற்று 5.0-க்கும் 7.0-க்கும் இடையில் இருந்திருக்கும் என்று எழுதினார். தடகளப் புள்ளிவிவரக்காரர்களின் ஆண்டு மலரும் 1997 முதல் அந்த எண்ணின் அருகே ‘பலத்த காற்று உதவியிருக்கலாம்’ என்று குறிப்புப் போடுகிறது. சாதனை மட்டும் அப்படியே இருக்கிறது.

சென்னையிலிருந்து ஒரு பழைய ஓட்டக்காரர்: மானியில் பழுது இல்லை என்று கடிகாரக் கம்பெனி சொல்லிவிட்டதே. தாண்டுதல் நடந்த இடம் வேறு, தடம் வேறு. காற்று சுழன்று அடித்திருக்கக் கூடாதா?

நல்ல கேள்வி. உங்கள் பக்கத்துக்கு இதைவிட வலுவான வாதம் இல்லை. மானி தடத்தின் நீளவாக்கில் வரும் காற்றை மட்டும்தான் அளக்கும். காற்று குறுக்கே அடித்தால், எவ்வளவு பலமாக இருந்தாலும் 0.0 காட்டலாம். ஆனால் அடுத்தடுத்து இரண்டு ஓட்டத்துக்குத் துல்லியமாக 0.0, உடனே 5.0, பக்கத்திலேயே 4.3 என்றால் எந்த நடுவரும் மேசையை விட்டு எழுந்து போய் மானியைப் பார்ப்பார். பழுதில்லாத மானியை இயக்குவதிலும் பிழை வரலாம்.

ஈரோடு, தஞ்சாவூர், கொழும்பு, மூன்று இடங்களிலிருந்தும் ஒரே கேள்வி: 38 வயதில் இறந்ததே ஸ்டீராய்டுக்குச் சாட்சி இல்லையா?

இல்லை. 1998 செப்டம்பர் 21 அன்று தூக்கத்தில் வலிப்பு வந்து மூச்சடைத்து இறந்தார். மூளையில் பிறவியிலேயே இருந்த ரத்தநாளக் கோளாறுதான் வலிப்புக்குக் காரணம் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. ஸ்டீராய்டு சோதனை செய்யக் கேட்டும், போதிய சிறுநீர் இல்லாததால் செய்ய முடியவில்லை. அவ்வளவுதான் தெரியும். இறப்பை வைத்து ஓட்டத்துக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

மதுரையிலிருந்து: 1989 பிப்ரவரியிலேயே ஏன் ஓய்வு பெற்றார்? கட்டாயச் சோதனை வருகிறது என்றுதானே?

முன்னறிவிப்பில்லாத கட்டாயச் சோதனை அந்த ஆண்டுதான் தொடங்க இருந்தது. காலம் பொருந்திப்போகிறது, அதனால் சந்தேகம் வருகிறது. சந்தேகப்படுவது தவறில்லை. அவர் சொன்ன காரணம் வேறு: நடிப்பு, எழுத்து, வடிவமைப்பு என்று வாய்ப்புகள் குவிந்தன. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாகக்கூட இருக்கலாம்.

மதுரைக்காரரே மீண்டும்: சந்தேகம் நியாயம் என்கிறீர்கள். எதை வைத்து?

200 மீட்டரை வைத்து. 1987 ரோம் உலகப் போட்டியில் 21.96 ஓடி வெள்ளி. அடுத்த ஆண்டு சியோலில் ஒரே நாளில் அரையிறுதி 21.56, இறுதி 21.34. அதற்கு முன் உலகச் சாதனை 21.71. காற்று 1.3, விதிக்குள்தான். 28 வயதில், ஒரே ஆண்டில் 0.62 வினாடி குறைகிறது. கடும் எடைப் பயிற்சி, பயிற்சியாளர் மாற்றம் என்று விளக்கம் உண்டு. எனக்கு அது முழுதாகப் போதவில்லை. ஆனால் எனக்குப் போதவில்லை என்பது சான்று ஆகாது. அதே சியோலில் பென் ஜான்சன் 9.79 ஓடினார், சோதனையில் ஸ்டானசோலால் என்ற ஸ்டீராய்டு சிக்கியது, பதக்கம் போனது. மேரியன் ஜோன்ஸ் 2007-ல் வாயாலேயே ஒப்புக்கொண்டார், சிட்னியில் வாங்கிய 5 பதக்கங்களும் பறிபோயின. சான்று என்றால் அப்படி இருக்கும்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: உடம்பையும் குரலையும் பார்த்தாலே தெரியவில்லையா?

இதற்குப் பதில் சொல்ல மாட்டேன். ஒரு பெண்ணின் தோளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் எத்தனை ஓட்டக்காரிகளின் வாழ்க்கையைப் பாழாக்கியிருக்கிறது என்று மைதானத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

சேலத்திலிருந்து: உசைன் போல்ட் பற்றி?

அவர் பிடிபட்டதே இல்லை. 2008 தொடர் ஓட்டத் தங்கம் போனது சக வீரர் நெஸ்டா கார்ட்டரின் மாதிரியால். இன்றைய பேச்சு அவரைப் பற்றி இல்லை.

சென்னைப் பழைய ஓட்டக்காரர் மறுபடியும்: ஒரு நாள் எல்லாம் கூடிவரும் சார். ஓடியவனுக்குத்தான் அது தெரியும். அன்று அவருக்குக் கூடிவந்தது.

அண்ணா, அந்த உணர்வை நான் மறுக்கவில்லை. அப்படி ஒரு நாளில் 0.05 குறையும், 0.08 குறையும். உச்சத்தில் இருக்கும் ஒருவருக்கு 0.2 குறையாது. சியோல் இறுதியில் அவர் கோட்டைத் தொடும் முன்பே சிரித்துக் கைகளை விரித்துவிட்டார், ஞாபகம் இருக்கிறதா? வாழ்க்கையிலேயே எல்லாம் கூடிவந்த நாள் அதுதான். 3.0 காற்றும் கூட இருந்தது. அப்போதும் 10.54.

அவரே: அப்படியானால் அவர் பெருமையையே குறைக்கிறீர்கள்.

குறைக்கவில்லை. 10.49-ஐ எடுத்துவிட்டாலும், மறுநாள் ஓடிய 10.61 அன்றைய உலகச் சாதனைதான். ஈவ்லின் ஆஷ்ஃபோர்டின் 10.76-ஐ அதுவே தாண்டிவிட்டது. லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதி ஏழைக் குடியிருப்பில் வளர்ந்து, நடுவில் வங்கி வேலைக்குப் போய், கல்லூரிப் படிப்பைத் தொடர்ந்து, 1984-ல் வெள்ளி வாங்கி, பிறகு சியோலில் 3 தங்கம் 1 வெள்ளி. நீள நகத்துக்கு வண்ணம் பூசி, ஒற்றைக் கால் உடுப்பைத் தானே வடிவமைத்துக்கொண்டு வந்து நின்றார். அதையெல்லாம் யார் குறைக்க முடியும்? காற்று தந்த எண்ணை அவர் தலையில் கட்டியதால்தான், நன்றாக ஓடிய ஓட்டங்களும் கேலிக்கு ஆளாகின்றன. எனக்கு அதுதான் வருத்தம்.

நாகர்கோவிலிலிருந்து: ஸ்டீராய்டால்தானே இறந்தார்?

மேலே சொல்லிவிட்டேன். தயவுசெய்து படியுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாணவி: அந்த எண் அப்படியே இருப்பதால் யாருக்கு என்ன நட்டம்?

ஜமைக்காவின் எலெய்ன் தாம்ப்சன் ஹேராவுக்கு நட்டம், தங்கச்சி. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் இறுதியில் 0.6 எதிர்க்காற்றில் 10.61 ஓடினார். அடுத்த மாதம் அமெரிக்காவின் யூஜீனில் 10.54, காற்று 0.9. மானி ஒழுங்காக வேலை செய்திருந்தால் அன்று அவர் உலகச் சாதனையாளர். 33 ஆண்டுக்கு முந்தைய ஒரு 0.0 அதைத் தடுத்துவிட்டது. 200 மீட்டரில் ஷெரிக்கா ஜாக்சன் 2023-ல் புடாபெஸ்டில் 21.41 வரை வந்துவிட்டார்.

புதுச்சேரியிலிருந்து: 2005-க்கு முந்தைய சாதனைகளையெல்லாம் மொத்தமாக நீக்கும் யோசனை 2017-ல் ஐரோப்பாவிலிருந்து வந்ததே, அது சரியா?

மாதிரிகளைச் சேமித்துவைக்கத் தொடங்கிய ஆண்டு என்பதால் 2005-ஐக் கோடாகப் போட்டார்கள். எனக்கு உடன்பாடில்லை. சுத்தமாக ஓடியவரையும் சேர்த்துத் தண்டிக்கிற வேலை அது. 10.49-ஐக் காற்று காரணமாக நீக்க வேண்டும், அதற்கு மருந்துப் பேச்சே தேவையில்லை. 21.34-ஐச் சான்று வரும்வரை விட்டுவைக்க வேண்டும்.

சென்னைப் பழைய ஓட்டக்காரர்: 0.0-ஐ நம்ப மாட்டேன், 4.3-ஐ நம்புவேன் என்றால் எப்படி?

4.3-ஐ மட்டும் நம்பச் சொல்லவில்லை அண்ணா. 10.61, 10.62, 10.54 மூன்றையும் காகிதத்தில் எழுதி, காற்றைக் கழித்து, நீங்களே போட்டுப் பாருங்கள். வேறு விடை வந்தால் எழுதி அனுப்புங்கள், அடுத்த முறை அதிலிருந்தே தொடங்குவோம்.