பேட்டரி வேண்டாத உடல்நலக் கருவிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: உடல் சூட்டிலேயே இயங்கும், சார்ஜ் போடவே வேண்டாம் என்று விற்கப்படும் நாடித்துடிப்புக் கைப்பட்டையை வாங்கலாமா? (வாசகர், வேலூர்)

பதில்: 1998-இலேயே ஜப்பானின் சீகோ நிறுவனம் உடல் வெப்பத்தில் ஓடும் கைக்கடிகாரத்தை வெளியிட்டது என்பதால், அடிப்படை பொய்யன்று. ஆனால் அத்தகைய கருவிக்கு மின்சாரம் தருவது சூடு அன்று, தோலுக்கும் காற்றுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடே. காற்றும் தோலைப் போல 33, 34 டிகிரிக்கு வந்துவிட்டால், உங்கள் ஊரில் அத்தகைய நாள்களுக்குப் பஞ்சமில்லை, அது பட்டினி கிடக்கும். போதாக்குறைக்கு, நாடித்துடிப்பை அளக்கத் தோலுக்குள் பாய்ச்சும் பச்சை ஒளிக்குக் கடிகார முள்ளை நகர்த்துவதைவிடப் பன்மடங்கு மின்சாரம் தேவை. ஊட்டிக் குளிரில் நன்றாக ஓடியதை நம்பி நான் வாங்கிய பட்டை, சித்திரை முழுவதும் உறங்கிவிட்டு இன்று மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

கேள்வி: பேட்டரி இல்லாத உணரியை மாத்திரையில் வைப்பது உண்மையா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: உண்மை, 2017-இல் அமெரிக்கா அனுமதித்த அந்த மாத்திரையில் மக்னீசியமும் செம்பும் இரைப்பைத் திரவம் பட்டு மின்சாரம் தருகின்றன, ஆனால் மாத்திரை விழுங்கப்பட்டது என்பதைத் தவிர வேறெதையும் அது தெரிவிக்காது.

கேள்வி: கை அசைவில் மின்சாரம் பெற்று, ஊசியின்றிச் சர்க்கரை அளவைக் காட்டும் என்ற மோதிரத்தை அம்மாவுக்கு வாங்கினேன். அது 118 காட்டிய நாளில் ஆய்வகம் 290 என்றது. ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று’ எனப் பெட்டியின் அடியில் இருப்பதைக் காட்டி, விற்றவர் பணம் தர மறுக்கிறார். (வாசகர், சேலம்)

பதில்: உங்கள் மீது பிழையில்லை. ஊசியின்றித் தானாகவே சர்க்கரையை அளக்கும் எந்தக் கைக்கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி அளித்ததில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. என் நெடுநாள் ஆத்திரம் அந்த அடிவரியின் மீதுதான்: விளம்பரத்தில் மருத்துவராகப் பேசிவிட்டு, எறும்பு எழுத்தில் பொம்மை வியாபாரியாக மாறிக்கொள்ளும் தந்திரம் அது. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று வியக்க வைத்து, அளவு சரிதானா என்று கேட்க விடாமல் செய்கிறார்கள். விளம்பரப் படம், ரசீது, ஆய்வக அறிக்கை, அந்தப் பெட்டி ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தை அணுகலாம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே இல்லை. அம்மாவின் மருந்தளவை அந்த மோதிரத்தைப் பார்த்து மாற்றியிருந்தால் மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள்.

கேள்வி: தள்ளுபடியில் அதே போன்ற மோதிரங்கள் மூன்று வாங்கிவிட்டேன், இன்னும் பிரிக்கவில்லை. எதை நம்பலாம்? (வாசகர், மதுரை)

பதில்: மூன்றையும் இன்றே திருப்பி அனுப்புங்கள், அடுத்த முறை கேள்வியை வாங்குவதற்கு முன் அனுப்புங்கள்.