தைப்பூசம், தேர்வு, திருமணம்: மாதவிலக்கைத் தள்ளிப்போடலாமா?

மார்கழி பாதி கழிந்தால் போதும், சிங்கப்பூர் வாசகிகளிடமிருந்து இந்தக் கேள்விகள் எனக்கு வரத் தொடங்கிவிடும். பல கேள்விகள் பிந்தி வருவதுதான் என் வருத்தம். இம்முறை முன்கூட்டியே சிலவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். 48 நாள் விரதம். அத்தனை நாளும் மாதவிலக்கு வராமலிருக்க மாத்திரை உண்டா? (ஈசூன் வாசகி)

48 நாளுக்கும் வேண்டாம், அம்மா. பூச நாளை மட்டும் காத்துக்கொள்வோம்.

உடலில் புரோஜெஸ்டிரோன் குறையும்போதுதான் கருப்பையின் உட்சுவர் உதிர்ந்து மாதவிலக்காகிறது. நோரெதிஸ்டெரோன் என்ற மாத்திரை அந்த ஹார்மோனின் வேலையைச் செய்து, உட்சுவரை உதிரவிடாமல் பிடித்து வைக்கிறது. வழக்கமான அளவு 5 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. மாதவிலக்கை எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் உதிரப்போக்கு வரும். உங்களுக்கு மாதவிலக்கு பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு வரவிருக்கிறது என்றால், பூசத்துக்கு ஐந்து நாள் முன்பு தொடங்கி, பூசத்தன்று இரவு வரை சாப்பிட்டால் போதும்.

இது சில நாள் தவணைக்கான மருந்து. வாரக்கணக்கில் நீட்டினால் இடையிடையே உதிரம் படும். மார்பகத்தில் வலி, வயிற்று உப்புசம், மனச்சோர்வும் சேரலாம். நீண்ட காலத்துக்குத் தள்ளிப்போட, இரு ஹார்மோன்கள் கலந்த கருத்தடை மாத்திரையை இடைவெளி விடாமல் எடுக்கும் முறை உண்டு. அது உங்கள் உடலுக்கு ஏற்றதா என்று பார்க்க விரதம் தொடங்குவதற்கு ஓரிரு மாதம் முன்பே மருத்துவரிடம் போக வேண்டும். அப்போதும் சிறிது உதிரம் படாது என்று யாரும் உறுதி தர முடியாது. விரதத்தின் நடுவே வருவதை எப்படி நோற்பது என்பதை வீட்டுப் பெரியவர்களிடமும் கோயிலிலும் கேளுங்கள்.

விரத நாள்களிலும் மாத்திரையை வேளை தவறாமல் தண்ணீரோடு விழுங்குங்கள். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் வெறுங்காலில் நடக்கப் போகிறீர்கள். மாத்திரை குமட்டுகிறதா என்பது அன்றைக்கு முன்பே தெரிந்திருந்தால் நல்லது.

இன்று காலையிலேயே வந்துவிட்டது. நாளை மறுநாள் புதுமனை புகுவிழா. இப்போது சாப்பிட்டால் நிற்குமா? (பொங்கோல்)

நம்ப வேண்டாம். உதிரத் தொடங்கிய பிறகு இந்த முறை கைகொடுக்காது.

சென்னையிலிருந்து வந்த நாத்தனார், மாதவிலக்கைத் தள்ளிப்போடத் தான் சாப்பிடும் மாத்திரை அட்டையைக் கொடுத்தார். எனக்கு 38 வயது. ஒற்றைத் தலைவலி வருமுன் கண்ணெதிரே மின்னல்போல் கோடுகள் தெரியும். என் அம்மாவுக்குக் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறது. சாப்பிடலாமா? (ஜூரோங் வெஸ்ட்)

தயவுசெய்து அந்த அட்டையைத் தொடாதீர்கள். இந்த இரண்டு விவரங்களையும் எழுதியதற்கு உங்களுக்கு நன்றி சொல்கிறேன். பலர் மருத்துவரிடம்கூடச் சொல்வதில்லை. இப்படித் தலைவலி உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரை பக்கவாத அபாயத்தைக் கூட்டும். நோரெதிஸ்டெரோனில் ஈஸ்ட்ரோஜன் இல்லையே என்பீர்கள். நாளுக்கு 15 மில்லிகிராம் எடுக்கும்போது அதில் ஒரு பகுதி உடலுக்குள் எத்தினைல் ஈஸ்ட்ரடயால் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ரத்தம் உறையும் வாய்ப்பு அப்படித்தான் கூடுகிறது. புகைபிடிப்பவர்கள், உடல் எடை மிக அதிகமுள்ளவர்கள், நீண்ட விமானப் பயணம் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

மெட்ராக்சிப்ரோஜெஸ்டிரோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. அது உங்களுக்குப் பொருந்துமா என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். குடும்ப மருத்துவரோ பலதுறை மருந்தகமோ (பாலிகிளினிக்) போதும். சாப்பிடும் மற்ற மருந்துகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள். சில வலிப்பு மருந்துகளும் ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தும் இந்த மாத்திரைகளின் பலனைக் குறைத்துவிடும்.

இவற்றில் எதைச் சாப்பிடும்போதும் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் வரவழையுங்கள்.

மகளுக்குச் சாதாரண நிலைத் ('ஓ' நிலை) தேர்வு. மாதவிலக்கு வந்தால் வலியில் சுருண்டுவிடுகிறாள். தள்ளிப்போடலாமா? (தெம்பனிஸ்)

தள்ளிப்போடலாம். ஆனால் தேர்வு வாரத்திலேயே முதன்முறையாகக் கொடுக்காதீர்கள். தலைவலியோ எரிச்சலோ அவளுக்கு வருமா என்பது அப்போதுதான் தெரியவர வேண்டாம். ஓரிரு மாதம் முன்பே மருத்துவரிடம் காட்டுங்கள். வலியைத் தணிப்பதே பலருக்குப் போதுமானதாக இருக்கும். மெஃபனமிக் அமிலம், ஐபுப்ரோஃபன் போன்றவற்றை, வலி முற்றும் வரை காத்திராமல், தொடக்கத்திலேயே சாப்பாட்டுக்குப் பின் கொடுத்தால் நன்கு கேட்கும். ஆஸ்துமா, வயிற்றுப்புண் இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். மாதாமாதம் பள்ளிக்கு விடுப்பு எடுக்கும் அளவு வலி இருக்கிறதென்றால், தேர்வு முடிந்த பிறகும் அதை விட்டுவிடாதீர்கள். கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் பதின்ம வயதிலும் வரும்.

மகளின் கல்யாணத் தேதியில் மாதவிலக்கு வரும்போலிருக்கிறது. மாத்திரை கொடுத்தால் பின்னால் குழந்தை பிறப்பது பாதிக்குமா? (செங்காங் தாயார்)

பாதிக்காது. ஒரு தடவை சில நாள் தள்ளிப்போடுவதால் கருவுறும் திறன் குறைவதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். நோரெதிஸ்டெரோனை இப்படி எடுப்பது கருத்தடை ஆகாது. உடனே குழந்தை வேண்டாம் என்று புதுமணத் தம்பதியர் நினைத்தால் அதற்குத் தனி ஏற்பாடு தேவை. மாத்திரையை நிறுத்தி ஒரு வாரமாகியும் மாதவிலக்கு வராவிட்டால் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். இதையெல்லாம் உங்களிடம் சொல்வதைவிட அவளிடமே சொல்ல விரும்புகிறேன். மாத்திரை சாப்பிடப் போவது அவள்தான். வேண்டுமா என்று முதலில் அவளைக் கேளுங்கள். வேண்டும் என்றால் முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பு, கடைசி மூன்று மாதவிலக்குத் தேதிகளைக் குறித்துக்கொண்டு அவளையே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.